எல்லாமோ, சிலதோ?



போன இதழில் செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவது எப்படி என்று பார்த்தோம். செயப்படுபொருளை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும், வினைக்கு முன்னால் 'வோஸ்' அல்லது 'வேர்' போடவேண்டும், செய்தவரை 'பை' போட்டுப் பின்னுக்குத் தள்ளவேண்டும் அல்லது விட்டுவிடவேண்டும். அவ்வளவுதான் என்று எழுதியிருந்தேன். அது அவ்வளவு மட்டுமல்ல என்று இரண்டு கிழமைக்குள் தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தாய் வந்து பள்ளிக்கூடத்துத் தாளொன்றை நீட்டினார். பின்னால் பத்தாம் வகுப்பு மகள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தாளில் ஆசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: "ஓல் அசைன்மென்ற்ஸ் வேர் நொட் சப்மிற்றட்." மகள் ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்று தாய் விளங்கிக்கொண்டார். ஒரு கிழமையாக வீட்டில் கதை பேச்சில்லை, கைத்தொலைபேசியும் பறிபோய்விட்டது. மகளோ, "ஆறிலை அஞ்சு குடுத்தனான் அன்ரி, ஒண்டுதான் மிச்சம்" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

யார் சரி? வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் சரி. அதுதான் சங்கடம். அந்த ஒரு வரிக்கு 'ஒன்றுமே கொடுக்கப்படவில்லை' என்றும் பொருள் கொள்ளலாம், 'எல்லாம் கொடுக்கப்படவில்லை, சில மட்டும் கொடுக்கப்பட்டன' என்றும் பொருள் கொள்ளலாம். அடுத்த நாள் ஆசிரியரைக் கேட்டபோது அவர் நினைத்தது இரண்டாவதைத்தானாம். கைத்தொலைபேசி திரும்பி வந்துவிட்டது என்று கேள்வி.

இது எப்படி நடக்கிறது என்று ஆறுதலாகப் பார்ப்போம். ஆசிரியர் மனதில் இருந்தது ஒரு செய்வினை வாக்கியம்: "ஷி டிட் நொட் சப்மிற் ஓல் அசைன்மென்ற்ஸ்." இதில் 'நொட்' முன்னால் வருகிறது, 'ஓல்' பின்னால் வருகிறது. முன்னால் நிற்கும் 'நொட்' பின்னால் வரும் 'ஓல்' என்பதைப் பிடித்து மறுக்கிறது. ஆகவே 'எல்லாவற்றையும் கொடுக்கவில்லை, சிலதைக் கொடுத்தாள்' என்று ஒரு குழப்பமும் இல்லாமல் விளங்குகிறது. இப்போது நான் போன இதழில் சொன்ன விதிப்படி மாற்றுங்கள். செயப்படுபொருள் முன்னுக்கு வரும்போது 'ஓல்' அதோடு ஒட்டிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடுகிறது. 'நொட்' பாவம், வினையோடு பின்னாலேயே நின்றுவிடுகிறது. வரிசை தலைகீழாகிவிட்டது. பரீட்சைத் தாளில் இந்த விடைக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் முதல் வாக்கியம் சொன்னதை இரண்டாவது வாக்கியம் அதே மாதிரிச் சொல்லவில்லை.

நம் பெற்றோர் படித்த ரென் அன்ட் மார்ட்டின் காலத்திலிருந்து, செய்வினையும் செயப்பாட்டுவினையும் ஒரே பொருளுக்குப் போட்ட இரண்டு சட்டை என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நோம் சோம்ஸ்கி 1957இல் எழுதிய சின்னப் புத்தகமொன்றில் இது எப்போதும் உண்மையல்ல என்று காட்டினார். அவருடைய உதாரணத்தை நம் வாலிபர் ஐக்கிய அறைக்குள் கொண்டுவருகிறேன். இந்த அறையிலுள்ள ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மொழி தெரியும் என்று செய்வினையில் சொன்னால் அது உண்மை. ஒருவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், இன்னொருவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியும், கூட வரும் திபெத்திய நண்பனுக்குத் திபெத்திய மொழியும் ஆங்கிலமும் தெரியும். இதையே செயப்பாட்டுவினையாக்கி, குறைந்தது இரண்டு மொழிகள் இந்த அறையிலுள்ள ஒவ்வொருவராலும் அறியப்பட்டிருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு மொழியும் எல்லாருக்கும் பொதுவானவை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அது பொய். ஆங்கிலம் ஒன்றுதான் பொது. எண்ணிக்கை சொல்லும் சொற்கள், அதாவது எல்லாம், சில, ஒவ்வொன்று, இரண்டு போன்றவை, இடம் மாறினால் பொருளும் மாறும். அவற்றோடு 'நொட்' சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதை ஒரு பள்ளிக்கூடச் சண்டையோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

1992. நாங்கள் ஜேம்சன் அவெனியூவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் மாடியில் ஆங்கிலம் வடிவாகத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூடக் கடிதம், வைத்தியசாலைத் தாள் எதுவானாலும் கதவைத் தட்டி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு மாமி ஊரிலிருந்த தன் தாயாரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தா. ஒருநாள் ஓர் அலுவலகத்திலிருந்து அவவுக்குக் கடிதம் வந்தது. "ஓல் த டொக்கியுமென்ற்ஸ் லிஸ்ரட் பிலோ வேர் நொட் றிசீவ்ட்." கீழே ஆறு பத்திரங்களின் பெயர் வரிசையாக இருந்தது.

நான் ஒருதரம் வாசித்துவிட்டு உடனே சொன்னேன்: "ஒண்டும் போய்ச் சேரேல்லையாம் மாமி."

மாமி கதிரையில் இருந்துவிட்டா. பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருமுறை வந்தவை. இப்போது மறுபடியும் எடுக்கவேண்டும். அது எந்தக் காலம் என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருவதென்றால் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்கவேண்டும். அந்தத் தண்ணீரில் சூடுபட்டு இறந்த சனம் பலர். மாமியின் தம்பி கச்சேரியில் போய் நின்று பிரதிகளை எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு கிளாலியைக் கடந்து, வவுனியா வந்து, கொழும்புக்குப் போய்ப் பதிவுத்தபாலில் அனுப்பினார். நாலு மாதம் ஆயிற்று.

இரண்டாவது பொதி போய்ச் சேர்ந்த பிறகு அலுவலகத்திலிருந்து மறு கடிதம் வந்தது. ஐந்து பத்திரங்கள் முதலிலேயே கிடைத்துவிட்டனவாம். ஆறாவது மட்டும் இன்னும் வரவில்லையாம். அந்த ஆறாவது என்ன தெரியுமா? மாமி இங்கேயே, தன் குசினி மேசையில் இருந்து நிரப்பிக் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கவேண்டிய ஒரு படிவம்.

தம்பி சுகமாகத் திரும்பிப் போனார். மாமியின் அம்மாவும் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தா. மாமி என்னை ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கடிதத்தை வாசித்தாலும், அது கடை விளம்பரமாக இருந்தாலும், ஒரே கேள்விதான் கேட்பா: "பிள்ளை, எல்லாமோ, சிலதோ?" இலக்கணம் படித்த எத்தனையோ பேரை விட அவ சரியான இடத்தில் விரல் வைத்தா.

அலுவலகத்தில் எழுதியவர் பிழையாக எழுதினாரா? பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது. 'ஓல்' முன்னால், 'நொட்' பின்னால் வைத்து 'எல்லாம் இல்லை, சிலதான்' என்று பொருள் கொள்வது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம். டென்மார்க் அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1917இல் எதிர்மறைக்கென்றே ஒரு தனி நூல் எழுதி, இந்தப் பழக்கத்தையும் அதில் ஆராய்ந்திருக்கிறார். வாயால் பேசும்போது அது பெரும்பாலும் விளங்கியும்விடும். 'ஓல்' என்பதை அழுத்தி, குரலை ஏற்றி இறக்கி, கடைசியில் தொங்கவிட்டால் 'எல்லாம் இல்லை' என்று காது பிடித்துக்கொள்ளும். தாளில் குரல் இல்லையே. பாதியைப் படிக்கும் பழக்கம் இல்லாத ஒரு குடும்பத்துக்குத் தாளில் அப்படி எழுதி அனுப்புவது சோம்பல் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். "எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால், மண்டபம் வெறுமையா, அரைவாசியா? குரலைக் கேட்டால்தான் தெரியும். "வெளுத்ததெல்லாம் பாலல்ல" என்ற பழமொழியில் 'எல்லாம்' முன்னால், 'அல்ல' பின்னால். ஆனால் பாலே வெள்ளை இல்லை என்று ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை. உலக அறிவு நம்மைக் காப்பாற்றுகிறது. கடிதம் எழுதிய அலுவலகத்தைப் பற்றி நமக்கு அந்த அறிவு இல்லை.

தமிழில் ஒரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் 'ஒன்றும்', 'ஒருவரும்' என்று மாற்றிவிடலாம். "ஒருவரும் வரவில்லை" என்றால் மண்டபம் வெறுமைதான். ஆனால் இதே வசதியே ஆங்கிலத்தில் நம்மைக் குழியில் விழுத்துகிறது. 'எல்லாரும்', 'ஒருவரும்', 'எவரும்' மூன்றிலும் அதே 'உம்' ஒட்டியிருக்கிறது. மூன்றையும் வாக்கியத்தின் முன்னால் வைத்து, மறுப்பைக் கடைசியில் வைக்கலாம். அந்தப் பழக்கத்தில் நம் பெரியவர்கள் பலர் "எனிபொடி வோஸ் நொட் கோல்ட்" என்று சொல்லிவிடுகிறோம். ஒருவரும் கூப்பிடப்படவில்லை என்பதற்கு. ஆங்கிலக்காரர் புருவத்தைச் சுருக்குவார். ஏனென்றால் ஆங்கிலத்தில் 'எனி' தனியாக முன்னால் வந்து நிற்காது. அதற்கு முன்பே ஒரு மறுப்பு நிற்கவேண்டும்.

இங்கேதான் செயப்பாட்டுவினையின் சூட்சுமம் இருக்கிறது. "த ஒஃபிஸ் டிட் நொட் றிசீவ் எனி ஒஃப் த ஃபோம்ஸ்" என்பது நல்ல செய்வினை. ஒரு படிவமும் கிடைக்கவில்லை. இதைச் செயப்பாட்டுவினையாக்கும்போது 'எனி' முன்னுக்குப் போகவேண்டும், ஆனால் 'நொட்' இல்லாமல் போகமுடியாது. ஆகவே 'நொட்'டும் 'எனி'யும் ஒன்றாகச் சேர்ந்து 'நன்' ஆகிவிடுகின்றன: "நன் ஒஃப் த ஃபோம்ஸ் வேர் றிசீவ்ட்." வினையிலிருந்த 'நொட்' மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். மறுப்பு முன்னுக்கு வந்துவிட்டது. 'ஓல்' வந்தாலும் அதையே செய்யுங்கள். 'நொட்'டைப் பின்னால் அநாதையாக விடாமல் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள்: "நொட் ஓல் த ஃபோம்ஸ் வேர் றிசீவ்ட்." எல்லாம் கிடைக்கவில்லை, சில கிடைத்தன. அல்லது படிவத்தை மட்டும் முன்னுக்கு அனுப்பிவிட்டு, 'ஓல்' என்பதை 'நொட்'டுக்குப் பின்னால் நிறுத்திவையுங்கள்: "த ஃபோம்ஸ் வேர் நொட் ஓல் றிசீவ்ட்." இதுவும் தெளிவு. 'நொட்' முன்னால், 'ஓல்' பின்னால். வரிசை காப்பாற்றப்பட்டது.

இந்தக் கடைசி அமைப்பை நீங்கள் கோயிலிலேயே கேட்டிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 15:51. அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படும் பகுதி. நாம் அனைவருமே மரிக்கப்போவதில்லை, ஆனால் அனைவருமே மாற்றப்படுவோம் என்று பவுல் சொல்லும் இடம். மரிப்பதை அவர் நித்திரை என்று சொல்கிறார். கிரேக்கத்தில் சொற்களின் வரிசை 'எல்லாரும் - இல்லை - நித்திரையடைவோம்'. நம் குழப்பமான வரிசையேதான். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த வரிசையை அப்படியே வைக்கவில்லை. 'நொட்' என்பதைத் தூக்கி 'ஓல்' முன்னால் வைத்துவிட்டார்கள். ஹாண்டல் தன் 'மெசாயா'வில் அதைத்தான் அடிக்குரலுக்குக் கொடுத்தார், எக்காளப் பாட்டுக்குச் சற்று முன்னால். நம் பழைய தமிழ்த் திருப்புதலில் அந்தக் கூற்று 'நாமெல்லாரும்' என்று தொடங்கி 'இல்லை' என்று முடிகிறது. ஞாயிறு பாடசாலையில் ஒரு சின்னவன், "அப்ப ஒருத்தரும் சாகமாட்டினமோ?" என்று என்னைக் கேட்டது அதனால்தான். அவன் தமிழைப் பிழையாக வாசிக்கவில்லை.

அந்த ஒரு 'இல்லை' பழைய காலத்திலேயே எழுத்தர்களை அலைக்கழித்திருக்கிறது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதி, பெரும்பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது, மறுப்பை இடம் மாற்றி வைத்திருக்கிறது. அதன்படி எல்லாரும் நித்திரையடைவார்கள், ஆனால் எல்லாரும் மாற்றப்படமாட்டார்கள். லத்தீன் வல்கேட்டிலும் மறுப்பு இரண்டாம் பாதியில்தான். எல்லாரும் எழுவார்கள், மாற்றப்படுவதோ எல்லாரும் அல்ல. அதிலிருந்து 1582இல் கத்தோலிக்கர் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடும் அப்படியே வாசிக்கிறது. பவுலும் அவர் தலைமுறையும் மரித்துப்போன பிறகு, எல்லாரும் மரிப்பதில்லை என்ற சொல்லை எழுதக் கைகள் தயங்கியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஒரு செயப்பாட்டுவினைக்கு முன்னால் 'நொட்' நிற்கிறதா இல்லையா என்பதில் ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் நூற்றாண்டுக்கணக்காக வேறுவேறு வாக்கியங்களை வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கையில் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இதை யோசித்திருப்பார்களோ தெரியாது.

(சபைகளில் குழந்தை பராமரிக்கும் அறைக் கதவில் இந்த வசனத்தை ஆங்கிலத்தில் ஒட்டிவைக்கும் பழைய பகிடி ஒன்று உண்டு. எல்லாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் மாற்றப்படும். என்ன மாற்றப்படும் என்று கைக்குழந்தை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.)

ரோமர் 3:20 இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே பொருள் நேர் எதிர். கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்தால், எல்லா மாம்சமும் நீதியாக்கப்படாது என்று வரும். முழுச் செயப்பாட்டுவினை. அப்படியே ஆங்கிலத்தில் விட்டிருந்தால், எல்லாரும் இல்லை, ஆனால் சிலர் தங்கள் கிரியையினால் நீதிமான்களாக்கப்படலாமாக்கும் என்று யாராவது நினைத்திருப்பார்கள். பவுல் சொல்ல வந்தது அதுவல்ல. அங்கே எழுத்து கிரேக்கம், பழக்கம் எபிரேயம். எபிரேயத்தில் மறுப்போடு 'கோல்', அதாவது 'எல்லாம்', இப்படி வந்தால் பொதுவாக 'ஒன்றும் இல்லை' என்றுதான் அர்த்தம். சங்கீதம் 143:2இலும் அதே அமைப்பு. ஓய்வுநாள் கட்டளையிலும் சொல்லுக்குச் சொல் பார்த்தால், எல்லா வேலையும் செய்யாதே என்றுதான் நிற்கிறது. அதைக் கேட்டு அரைவாசி வேலை செய்யலாம் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வாதாடலாம். நல்லவேளை, மொழிபெயர்த்தவர்கள் விழிப்பாக இருந்தார்கள். ரோமரில் ஆங்கிலக்காரர் 'நோ' என்று வைத்தார்கள். நம்மவர் 'எந்த மனுஷனும்' என்று வைத்தார்கள். ஒரே பவுல், ஒரே மாதிரிச் சொற்கள், ஓரிடத்தில் 'சிலர்', இன்னோரிடத்தில் 'ஒருவரும் இல்லை'. அவர்கள் முன்னும் பின்னும் வாசித்துத் தீர்மானித்தார்கள். பதினைந்து வயதில் நான் செய்யாதது அதுதான். கீழே ஆறு பெயர் கொண்ட பட்டியல் இருந்தது, எவை வந்தன என்று ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம்.

இனி நம் வீதிக்கு வருவோம். பார்க்டேலில் இருக்கும் உங்களில் பலர் இப்போது உங்கள் வீட்டு எழுத்தர்கள். வாடகை பற்றிக் கதவடியில் செருகிவிட்டுப் போகும் தாள்களை அம்மா உங்களிடம்தான் நீட்டுகிறா. 2017 மே மாதம் இந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள் வாடகை உயர்வையும் திருத்தப்படாத வீடுகளையும் எதிர்த்து வாடகையை நிறுத்திவைத்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை மொழிக்காரர் இருந்தார்கள் அந்தக் கட்டடங்களில். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை என்பதுதான் பேச்சு.

வீட்டுத் திருத்தம் பற்றி ஒன்ராறியோவின் வீட்டு உரிமையாளர், குடியிருப்பாளர் சபைக்கு முறையிடும் படிவத்துக்கு ரி6 என்று பெயர். அதை ஒரு பிள்ளை தாய் தகப்பனுக்காக நிரப்புகிறது என்று வையுங்கள். "ஓல் த றிப்பெயர்ஸ் வேர் நொட் டன்" என்று எழுதிவிடுகிறது. பிள்ளையின் மனதில் இருந்தது, எட்டுத் திருத்தத்தில் மூன்று இன்னும் கிடக்கிறது என்பது. வாசிப்பவர், ஒன்றுமே செய்யவில்லையாம் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு மற்றப் பக்கத்தார் திருத்திய தண்ணீர்க் குழாயின் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். இப்போது பொய் சொன்னவர் யார் மாதிரித் தெரிகிறது? குளிரில் நடுங்கும் வீட்டுக்காரர்தான். உண்மையாக மிச்சமிருக்கும் மூன்று திருத்தத்தையும் பிறகு யார் நம்புவார்கள்?

ஆகவே இப்படியான இடத்தில் இலக்கணத்தைக்கூட நம்பவேண்டாம், எண்ணை எழுதுங்கள். எட்டில் ஐந்து செய்யப்பட்டன, மூன்று செய்யப்படவில்லை, அவை இன்னின்னவை, இன்ன திகதியில் அறிவித்தோம். ஒரு அடுப்புக்கும் ஒரு யன்னலுக்கும் பெயர் சொல்லி எழுதினால் 'நொட்' எங்கே நின்றாலும் ஒருவரும் தவறாக வாசிக்க முடியாது. கடிதம் வந்தால், தொலைபேசியில் கேட்கவேண்டிய கேள்வி சின்னது: "நன், ஓர் ஜஸ்ற் சம்? விச் வன்ஸ்?" மாமியின் கேள்விதான், ஆங்கிலத்தில். வெட்கப்படவேண்டாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கே சில சமயம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லத் தெரியும்.

கடிதம் பெரிதாக இருந்தால், வீட்டைவிட்டு எழும்பச் சொல்லும் தாளாக இருந்தால், பிள்ளைகளே, தனியாகத் தூக்காதீர்கள். பார்க்டேல் சமூகச் சட்டச் சேவை நிலையம் 1971இலிருந்து இந்த அயலில் இயங்குகிறது. ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரி மாணவர்கள் அங்கே வந்து பயில்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பதற்காகப் பெற்றோர் அங்கே போகாமல் இருந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பிள்ளையும் கூடப் போகலாமே.

'போத்' என்ற சொல்லும் இதே குணம்தான். "போத் பேரன்ற்ஸ் வேர் நொட் கொன்ராக்ரட்" என்று பள்ளிக்கூடம் எழுதினால், தாய் தகப்பன் இருவரோடும் பேசவில்லையா, ஒருவரோடு மட்டும் பேசினார்களா? ஒருவரும் இல்லை என்றால் 'நைதர்' போடவேண்டும். ஒருவர்தான் என்றால் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. 'எவ்ரி', 'ஓல்வேய்ஸ்', 'கொம்ப்ளீற்லி' எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சு படிப்பவர்கள் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் 'தூ' முன்னால் வந்து 'பா' பின்னால் வரும் வாக்கியம் பெரும்பாலும் 'எல்லாம் இல்லை' என்றுதான் பொருள்படும். ஒட்டாவாவிலிருந்து இரண்டு மொழியில் வரும் கடிதங்களில் ஒரு பக்கம் குழம்பினால் மறுபக்கத்தையும் பாருங்கள், சில வேளை அங்கே வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

இந்த மாதப் பயிற்சி. முதல் இரண்டையும் பொருள் மாறாமல் செயப்பாட்டுவினையாக்குங்கள்: "த ரீச்சர் டிட் நொட் மார்க் எனி ஒஃப் த பேப்பர்ஸ்", "த லான்ட்லோர்ட் டிட் நொட் ஃபிக்ஸ் ஓல் த விண்டோஸ்". மூன்றாவது, "போத் கீஸ் வேர் நொட் றிற்றேண்ட்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எத்தனை திறப்பு திரும்பி வந்திருக்கலாம் என்று தமிழில் எழுதுங்கள். ஒரு விடை போதாது. பெற்றோருக்கும் ஒன்று: "எல்லாப் பிள்ளைகளும் பாடவில்லை" என்பதை இரண்டு பொருள் வரும்படி இரண்டு விதமாக வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் எது எது என்று கண்டுபிடிக்கட்டும்.

விடைகளை ஒரு தாளில் எழுதி, தேநீர் மேசைக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத மறக்கவேண்டாம். போன மாதம் வந்த விடைத்தாள்களில் எல்லாவற்றிலும் பெயர் இருக்கவில்லை. சரியாகச் சொன்னால், பதினொன்றில் நாலில் இருக்கவில்லை.